கோப்புப் பெயரைப் படித்துப் படத்தையும் பாடலையும் அடையாளம் காணும் மென்பொருள்கள்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த வன்தட்டைத் திறந்தால், உள்ளே இருப்பவற்றில் பாதியை ஓட்டிப் பார்த்த பிறகுதான் அது எந்தப் படம், எந்தத் தொடரின் எத்தனையாவது எபிசோடு, யார் பாடிய பாட்டு என்று தெரிகிற நிலை பல வீடுகளில் உண்டு. இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்கென்றே சில மென்பொருள்கள் இருக்கின்றன. அவை கோப்பின் பெயரைப் படித்து, அது எதுவாக இருக்கும் என்று ஊகித்து, இணையத் தரவுத்தளத்தில் தேடிப் பார்த்து, சீரான பெயரையும் விவரக் குறிப்பையும் கோப்புக்குத் தருகின்றன. இவற்றை முதன்முறையாகப் பயன்படுத்தப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணினியில் ஆங்கில எழுத்துகளில் இருக்கும் கோப்புப் பெயர்களையும் மெனுக்களையும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலத்திலேயே செய்யுங்கள்.

பெயர் எப்படிப் படிக்கப்படுகிறது

வேலையைத் தொடங்கும் முன் இதைப் புரிந்துகொள்வது அவசியம். பின்னால் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் பிறக்கின்றன. "தேவ்தாஸ்.2002.1080பி.புளூரே.எக்ஸ்264.எம்கேவி" என்ற ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். மென்பொருள் முதலில் புள்ளிகளை இடைவெளிகளாகக் கருதிப் பெயரைத் துண்டுகளாகப் பிரிக்கிறது. கடைசித் துண்டான எம்கேவி கோப்பின் வகையைக் காட்டும் நீட்டிப்பு. எக்ஸ்264 என்பது காட்சியைச் சுருக்கப் பயன்பட்ட முறை, புளூரே என்பது அது எடுக்கப்பட்ட மூலம், 1080பி என்பது காட்சியின் உயரம். இவையெல்லாம் மென்பொருளிடம் முன்கூட்டியே இருக்கும் சொற்பட்டியலில் உள்ளவை என்பதால் உடனே அடையாளம் காணப்பட்டு ஒதுக்கப்படுகின்றன. மிஞ்சியதில் ஆண்டு போலத் தெரியும் நான்கு இலக்க எண் ஆண்டாகிறது. அதற்கும் இடப்பக்கம் எஞ்சி நிற்பது எதுவோ அதுவே படத்தின் தலைப்பு என்று முடிவாகிறது. இந்த வேலையைச் செய்வதற்கென்றே பைத்தான் மொழியில் எழுதப்பட்ட கெஸ்இட் என்ற திறமூல நிரல் தொகுப்பு இருக்கிறது. வசன வரிகளைத் தேடித் தரும் சப்லிமினல் போன்ற நிரல்கள் அதைத்தான் உள்ளே பயன்படுத்துகின்றன.

அதாவது, தலைப்பு என்பது இவற்றுக்கு "மற்றதெல்லாம் போக மிச்சம்". இதை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்தப் பெயர் தவறாகப் படிக்கப்படும் என்று உங்களாலேயே முன்கூட்டிச் சொல்ல முடியும். பதிவிறக்கிய தளத்தின் பெயர் முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் தலைப்பின் பகுதியாகிவிடும். தலைப்பே எண்ணாக இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். 2019இல் வந்த 1917 என்ற படத்தையும், 2009இல் வந்த 2012 என்ற படத்தையும் நினைத்துப் பாருங்கள். ஆண்டு தனியாக எழுதப்படாவிட்டால் தலைப்பே ஆண்டாகிவிட, தேடுவதற்குப் பெயர் எதுவும் மிஞ்சாது. தமிழில் 2018இல் வந்த 96 படத்தின் கோப்புக்கு "96.எம்பி4" என்று மட்டும் பெயரிட்டால், அதை ஏதோ ஒரு தொடரின் 96ஆவது எபிசோடு என்று மென்பொருள் கொள்ளவும் இடமிருக்கிறது.

ஆகவே தலைப்புக்குப் பின் வெளியான ஆண்டை அடைப்புக்குறிக்குள் எழுதும் பழக்கம் மிக முக்கியமானது. தேவ்தாஸ் என்ற பெயரில் 1955இலும் 2002இலும் இந்தியில் படங்கள் வந்திருக்கின்றன. 1953இல் தமிழிலும் தெலுங்கிலும் வந்த தேவதாசும் உண்டு. தலைப்பு மட்டும் இருக்கும் கோப்பை இவற்றில் எதனோடு பொருத்துவது என்று மென்பொருளுக்குத் தெரியாது. தரவுத்தளம் முதலில் காட்டும் விடையை எடுத்துக்கொள்ளும். நான்கு இலக்கங்களைச் சேர்த்துவிட்டால் அந்த ஐயம் எழாது. எனக்குத் தெரிந்தவரை, கையால் செய்யும் வேலைகளில் இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு பயன் தருவது வேறு எதுவும் இல்லை.

தொடங்கும் முன்

முதல் படி, காப்புநகல். அசல் கோப்புகள் இன்னொரு வன்தட்டில் அப்படியே இருக்கட்டும். இடம் போதாவிட்டால் குறைந்தபட்சம் எல்லாக் கோப்புப் பெயர்களின் பட்டியலையாவது ஒரு உரைக் கோப்பில் சேமித்து வையுங்கள். பழைய பெயரில் இருக்கும் எண்களும் சுருக்கெழுத்துகளும், அவை எவ்வளவு அலங்கோலமாகத் தெரிந்தாலும், அந்தக் கோப்பு எது என்பதற்கு நம்மிடம் இருக்கும் ஒரே சான்றாக இருக்கக்கூடும். தவறான பெயரை மேலெழுதிவிட்டால் அந்தச் சான்றும் அழிந்துவிடும்.

இரண்டாவது, விண்டோசில் கோப்பு நீட்டிப்புகள் தெரியும்படி செய்தல். எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் அதற்கான தேர்வு இருக்கிறது. நீட்டிப்பு மறைந்திருந்தால், பெயர் மாற்றும்போது "படம்.எம்கேவி.எம்கேவி" என்று இரட்டித்துப் போகும்.

மூன்றாவது, திரைப்படங்கள், தொடர்கள், பாடல்கள், வீட்டுக் காணொளிகள் ஆகியவற்றை நான்கு தனித்தனிக் கோப்புறைகளில் பிரித்து வைத்தல். ஒவ்வொன்றுக்கும் தேடும் தரவுத்தளம் வேறு, பெயரிடும் முறையும் வேறு. இந்தப் பிரிப்பை மென்பொருளிடம் விடாதீர்கள், நீங்களே செய்யுங்கள்.

திரைப்படங்கள்

இங்கே இரண்டு மென்பொருள்கள் பரவலாகப் பயன்படுகின்றன. ஃபைல்பாட் கட்டணம் செலுத்திப் பெறுவது. பெயர் மாற்றுவதில் அது மிகத் தேர்ந்தது. செய்த மாற்றங்களைப் பதிவேட்டில் வைத்திருந்து பின்னர் திருப்பிக் கொள்ளவும் வழி தருகிறது. டைனிமீடியாமேனேஜருக்கு இலவசப் பதிப்பும் உண்டு. பெயர் மாற்றுவதோடு, கதைச் சுருக்கம், நடிகர்கள் பட்டியல், போஸ்டர் ஆகியவற்றையும் கோப்பின் பக்கத்திலேயே சேமிக்கிறது. புதியவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். செலவில்லை என்பது ஒரு காரணம். ஒவ்வொரு படத்தையும் திரையில் பார்த்துத் தேர்வு செய்யும்படி அது அமைந்திருப்பது அதைவிடப் பெரிய காரணம்.

அதன் அமைப்புகளில் மூவீஸ் பகுதிக்குச் சென்று, டேட்டா சோர்ஸ் என்ற இடத்தில் உங்கள் திரைப்படக் கோப்புறையைச் சேருங்கள். எல்லாப் படங்களும் இருக்கும் கோப்புறையை உடனே கொடுக்காமல், ஐந்து படங்களை மட்டும் நகலெடுத்து வைத்த ஒரு சோதனைக் கோப்புறையைக் கொடுப்பது நல்லது. பிறகு அப்டேட் பொத்தானை அழுத்தினால், பெயரிலிருந்து ஊகித்த தலைப்பும் ஆண்டும் பட்டியலில் வரும். இந்தப் பட்டியலைப் பொறுமையாகப் பாருங்கள். தலைப்பு இங்கேயே தவறாகத் தெரிந்தால், மேலே போகாமல் கோப்பின் பெயரைத் திருத்திவிட்டு மறுபடி அப்டேட் செய்யுங்கள்.

அடுத்து, ஒரு படத்தைத் தேர்ந்து தேடும் கட்டளையை அழுத்தினால், திமூவிடிபி போன்ற தரவுத்தளத்தில் கிடைத்த விடைகள் போஸ்டருடன் வரிசையாக வரும். 2008இல் தொடங்கிய திமூவிடிபி பயனர்கள் தாமே பதிவு செய்து வளர்த்தது. ஆகவே அதில் ஒரு படத்தின் விவரம் இருப்பதும், சரியாக இருப்பதும், யாரோ ஒருவர் அக்கறையுடன் பதிவு செய்தாரா என்பதைப் பொறுத்தது. சரியான படத்தைத் தேர்ந்து உறுதி செய்தபின், பெயர்மாற்ற முன்னோட்டத்தைத் திறந்து, பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். திருப்தி ஏற்பட்டால் மட்டும் பெயர் மாற்றும் கட்டளையைக் கொடுங்கள்.

முடிந்தபின் ஒவ்வொரு படமும் தனித்தனிக் கோப்புறையில் "தலைப்பு (ஆண்டு)" என்ற வடிவில் இருக்க வேண்டும். சேர்த்து வைத்த படங்களையும் பாடல்களையும் அடுக்கிக் காட்டி ஓட்டும் மென்பொருள்களான கோடி, ஜெல்லிஃபின், பிளெக்ஸ் ஆகிய மூன்றும் இந்த வடிவத்தைச் சிக்கலின்றிப் புரிந்துகொள்ளும். பக்கத்தில் என்எஃப்ஓ என்ற நீட்டிப்புடன் ஒரு சிறு உரைக் கோப்பு தோன்றும். படத்தின் விவரங்கள் அதில்தான் இருக்கின்றன என்பதால் தேவையற்றது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். வசன வரிக் கோப்பு தனியாக இருந்தால், அதன் பெயர் படத்தின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். தமிழ் வசன வரியாக இருந்தால் நீட்டிப்புக்கு முன் "டிஏ" என்ற இரண்டெழுத்து மொழிக்குறியைச் சேர்த்துவிட்டால் ஓட்டும் மென்பொருள் மொழியையும் அறிந்துகொள்ளும்.

தமிழ்ப் படங்களில் தேடல் வெறுங்கையோடு திரும்புவது அடிக்கடி நடக்கும். காரணம் பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்கூட்டல்தான். "வாழ்க்கை" என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ழகரத்துக்கு இசட்எச் போடுகிறவர் உண்டு, எல் போடுகிறவர் உண்டு; நெடிலுக்கு ஏ என்ற எழுத்தை ஒரு முறை எழுதுகிறவர் உண்டு, இரண்டு முறை எழுதுகிறவர் உண்டு; க்கை என்பதில் கே ஒன்றா இரண்டா என்பதிலும் ஒற்றுமை இல்லை. இப்படி ஒரு சொல்லுக்கே எட்டு வடிவங்கள் வந்துவிடுகின்றன, தரவுத்தளத்தில் பதிந்திருப்பதோ அவற்றில் ஒன்று. எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றித் தேடிக் களைப்பதை விட, ஐஎம்டிபி என்ற திரைப்பட விவரத் தளத்தில் அந்தப் படத்தின் பக்கத்தைக் கண்டுபிடித்து, முகவரியில் இரண்டு "டி" எழுத்துகளோடு தொடங்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண் ஒரு படத்துக்கு ஒன்றுதான். டைனிமீடியாமேனேஜரின் தேடல் பெட்டியில் அதையே இடலாம். ஜெல்லிஃபின் பயன்படுத்துகிறவர்கள் படத்தின் கோப்புறைப் பெயரின் முடிவில் சதுர அடைப்புக்குறிக்குள் "ஐஎம்டிபிஐடி" என்ற சொல், ஒரு சிறு கோடு, அந்த எண் என்று எழுதிவிட்டால் ஊகத்துக்கே வேலையில்லை.

தொடர்கள்

தொடர்களில் ஆண்டின் இடத்தைச் சீசன் எண்ணும் எபிசோடு எண்ணும் பிடித்துக்கொள்கின்றன. "எஸ்01ஈ03" என்றால் முதல் சீசனின் மூன்றாம் எபிசோடு. இரண்டு இலக்கமாக எழுதுவது கட்டாயம் என்று கொள்ளுங்கள். "103" என்று மட்டும் எழுதினால் முதல் சீசனின் மூன்றாவதா, மொத்தத்தில் நூற்று மூன்றாவதா என்று மென்பொருளுக்கும் தெரியாது, சில ஆண்டுகள் கழித்து உங்களுக்கும் தெரியாது. தொடரின் பெயரில் ஒரு கோப்புறை, அதற்குள் "சீசன் 01" என்று ஒன்று, சிறப்பு எபிசோடுகளுக்கு "சீசன் 00" என்று ஒன்று. ஒரே கோப்பில் இரண்டு எபிசோடுகள் இருந்தால் "எஸ்01ஈ03-ஈ04" என்று எழுதலாம்.

சீசன் என்ற பிரிவே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓடும் நம் அன்றாட நெடுந்தொடர்களுக்கு இந்த முறை பொருந்துவதில்லை. அவற்றைப் பதிவு செய்து வைத்திருப்பவர்கள் ஒளிபரப்பான தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயரில் சேர்ப்பதே நல்லது. கோடியும் ஜெல்லிஃபினும் அத்தகைய பெயர்களையும் படிக்கக்கூடியவை.

தொடர்களில் நான் பட்ட ஒரு இடரைச் சொல்ல வேண்டும். டிவிடிகளிலிருந்து எடுத்த ஒரு ஆவணத் தொடரை, நாற்பதுக்கும் மேற்பட்ட எபிசோடுகளை, முன்னோட்டம் பார்க்காமல் ஒரே வீச்சில் பெயர் மாற்றினேன். தொடரின் தொடக்கம் இரண்டு மணி நேரம் ஓடுவது. டிவிடியில் அது ஒரே எபிசோடு, தரவுத்தளத்தில் ஒளிபரப்பு வரிசைப்படி இரண்டு. அந்த ஒரு இடத்தில் எண்ணிக்கை பிசகியதால், அதற்குப் பின் வந்த ஒவ்வொரு கோப்பும் முந்தைய எபிசோடின் பெயரையும் கதைச் சுருக்கத்தையும் பெற்றுவிட்டது. வாரக்கணக்கில் அதை நான் கவனிக்கவில்லை, ஏனென்றால் எல்லாப் பெயர்களும் பார்ப்பதற்கு ஒழுங்காகவே இருந்தன. பழைய பெயர்களின் பட்டியல் இல்லாததால் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துத் திருத்த வேண்டியதாயிற்று. ஆகவே ஒவ்வொரு சீசனிலும் முதல் எபிசோடையும், நடுவில் ஒன்றையும், கடைசியையும் திறந்து, திரையில் வரும் எபிசோடு தலைப்பும் கோப்பின் பெயரும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அடுத்த சீசனுக்குச் செல்லுங்கள். வரிசை வேறுபட்டால், ஒளிபரப்பு வரிசைக்குப் பதில் டிவிடி வரிசையைத் தேர்ந்துகொள்ளும் வசதி இந்த மென்பொருள்களில் இருக்கிறது.

பாடல்கள்

பாடல் கோப்புகளில் விவரங்கள் கோப்புக்குள்ளேயே "டேக்" என்ற பகுதியில் எழுதப்படுகின்றன. 1996இல் வந்த முதல் வடிவமான ஐடி3வி1 கோப்பின் முடிவில் 128 பைட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டது. அதில் தலைப்புக்குக் கிடைத்த இடம் 30 பைட்டுகள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் தேவை. "பொங்கல்" என்ற சொல்லில் கண்ணுக்குத் தெரிவது நான்கு எழுத்துகள்; ஆனால் புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனிக் குறியீடு என்பதால் கணினிக்கு அது ஏழு குறியீடுகள், 21 பைட்டுகள். "பொங்கல் விழா" என்று எழுதினால் 34 ஆகி, அந்தப் பழைய இடத்தில் அடங்காமல் போகிறது. போதாக்குறைக்கு, அந்த வடிவம் தமிழ் எழுத்துகளுக்காக அமைக்கப்பட்டதும் அன்று. இன்று அதற்கு அடுத்த வடிவமான ஐடி3வி2 இருக்கிறது. தமிழில் எழுதுவதாக இருந்தால் 2.3 வடிவத்தையும் யுடிஎஃப்-16 குறியாக்கத்தையும் தேர்ந்துகொள்ளுங்கள், பெரும்பாலான கருவிகள் அதைப் படிக்கும்.

விண்டோசில் இதற்கு ஏற்றது எம்பி3டேக் என்ற மென்பொருள். கோப்புறையைத் திறந்து, ஒரே அமைப்பில் பெயரிடப்பட்ட கோப்புகளைத் தேர்ந்து, கன்வெர்ட் மெனுவில் "ஃபைல்நேம் - டேக்" என்பதை அழுத்துங்கள். அங்கே கேட்கப்படும் வார்ப்பு வரிதான் முக்கியம். உங்கள் கோப்புகள் "03 - பாடகர் - பாடல்" என்ற அமைப்பில் இருந்தால், "%டிராக்% - %ஆர்டிஸ்ட்% - %டைட்டில்%" என்று எழுத வேண்டும். விழுக்காட்டுக் குறிகளுக்கு நடுவில் இருப்பது டேக்கின் பெயர். வெளியே இருக்கும் கோடும் இடைவெளியும் கோப்புப் பெயரில் உள்ளபடியே இருக்க வேண்டும். வேண்டாத துண்டு ஏதேனும் இருந்தால் அந்த இடத்தில் "%டம்மி%" என்று எழுதினால் அது விடப்படும். கீழே தெரியும் முன்னோட்டத்தில் எல்லாம் உரிய இடத்தில் விழுந்திருந்தால் மட்டும் உறுதி செய்யுங்கள்.

திரையிசைக்கு ஒரு கேள்வி தனியாக எழுகிறது. ஆர்டிஸ்ட் என்ற இடத்தில் பாடகரை எழுதுவதா, இசையமைப்பாளரை எழுதுவதா? கலந்து எழுதப்பட்ட தொகுப்புகளே அதிகம். என் பரிந்துரை இது: ஆர்டிஸ்ட் இடத்தில் பாடியவர்கள், கம்போசர் இடத்தில் இசையமைப்பாளர், ஆல்பம் இடத்தில் படத்தின் பெயர், ஆல்பம் ஆர்டிஸ்ட் இடத்தில் மறுபடியும் இசையமைப்பாளர். ஆல்பம் ஆர்டிஸ்ட் வெறுமையாக இருந்தால், ஐந்து பாடகர்கள் பாடிய ஒரே படத்தின் பாடல்கள் பல கருவிகளில் ஐந்து ஆல்பங்களாகச் சிதறித் தெரியும். பாடலாசிரியருக்கும் லிரிசிஸ்ட் என்ற இடம் இருக்கிறது. அதை நிரப்பாமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிற விஷயம், தயவுசெய்து நிரப்புங்கள்.

"டிராக் 07" என்று மட்டும் இருக்கும் கோப்புகளில் பெயரால் எந்தப் பயனும் இல்லை. அவற்றுக்கு மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட் உதவும். அது பாடலின் ஒலியிலிருந்தே ஒரு கைரேகையை எடுத்து அகூஸ்டிடி என்ற தரவுத்தளத்தோடு ஒப்பிடுகிறது. அந்தப் பாடலை யாராவது அங்கே முன்பே பதிவு செய்திருந்தால்தான் விடை வரும்.

தமிழில் பெயரிட விரும்பினால்

தமிழிலேயே பெயரிடுவதில் இன்று தடையில்லை, ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். லினக்சின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் (வன்தட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) ஒரு பெயர் 255 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன கணக்குப்படி அது 85 தமிழ்க் குறியீடுகள். தொடரின் பெயர், எண், எபிசோடின் நீண்ட தலைப்பு மூன்றும் சேர்ந்தால் எளிதில் எல்லையைத் தொட்டுவிடும்.

இரண்டாவது நுட்பமானது. "கொ" என்ற எழுத்தில் ககரத்துக்குப் பின் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ்+ முறைமை எப்போதும் பிரித்தே சேமித்தது. ஆகவே அங்கிருந்து வந்த கோப்பை வேறு கணினியில் பெயர் சொல்லித் தேடினால் கிடைக்காமல் போகலாம். ஔகாரத்திலும் இப்படித்தான்: அதன் வலப்பக்கக் குறிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டி வைத்த பெயர்களைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. தேடலில் அகப்படாத தமிழ்ப் பெயர் ஏதேனும் இருந்தால், அதை அழித்துவிட்டு ஒரே விசைப்பலகையில் மறுபடி தட்டச்சு செய்து பாருங்கள். இவற்றோடு, சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக் குறி, இரட்டை மேற்கோள் ஆகியவற்றை விண்டோஸ் பெயரில் ஏற்காது.

வீட்டுக் காணொளிகள்

இவற்றுக்கு எந்தத் தரவுத்தளமும் இல்லை, நாம்தான் தரவுத்தளம். வாட்ஸ்அப்பில் வந்த காணொளி "விஐடி-20230814-டபிள்யூஏ0007" என்பது போன்ற பெயரோடு இருக்கும். நடுவில் இருப்பது 2023 ஆகஸ்டு 14 என்ற தேதி, ஆனால் அது உங்கள் கைபேசிக்கு வந்து சேர்ந்த நாள். எடுக்கப்பட்ட நாள் அதற்கும் முந்தையதாக இருக்கலாம். வாட்ஸ்அப் வழியாக வரும் படங்களில் கேமரா பதித்த தேதி நீங்கிவிடுவதால், பெயரில் உள்ள இந்த எட்டு இலக்கங்களை இழந்துவிட்டால் வேறு துப்பு இருக்காது. பெயர் மாற்றும்போது அவற்றைத் தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டு, பின்னால் நிகழ்ச்சியையும் ஊரையும் சேருங்கள்.

பழைய திருமண டிவிடிகளில் உள்ள காணொளிகள் எந்த வீட்டில் எடுத்தாலும் "விடிஎஸ்_01_1.விஓபி" என்ற ஒரே பெயரில்தான் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்கு மேற்படாத துண்டுகளாக. அவற்றின் பெயரை நேரடியாக மாற்றினால் டிவிடியின் மெனு அவற்றைக் கண்டுபிடிக்க முடியாமல் ஓடாமல் போய்விடும். மேக்எம்கேவி போன்ற மென்பொருளால் முதலில் முழுத் தொகுப்பையும் ஒரே எம்கேவி கோப்பாக மாற்றிக்கொண்டு, அதற்குப் பெயரிடுங்கள். என் தாய்மாமன் திருமணக் காணொளிக்குத் தேதி தெரியாமல் நான் தவித்தபோது, பெரியம்மா பீரோவிலிருந்து அழைப்பிதழை எடுத்துக் கொடுத்தார். அதில் இருந்த நாளைப் பெயரின் தொடக்கத்தில் எழுதினேன். பிறகு அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு காணொளியை ஓட்டி, பந்தியில் பரிமாறுகிறவர் யார், மணமேடைக்குப் பின்னால் குழந்தையோடு நிற்கிறவர் யார் என்று அவர் சொல்லச் சொல்ல, எந்த நிமிடத்தில் யார் என்று ஒரு உரைக் கோப்பில் எழுதி, காணொளியின் பெயரையே அதற்கும் இட்டுப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.